"பிசாசு சோதிச்சிட்டான்"னு ஒருத்தர் சொல்ல நேர்ல கேட்டிருக்கீங்களா?

களியக்காவிளைக்காரன்:
அசனம்னா சபையில எல்லாரும் சேந்து சாப்பிடுத விருந்து. அசனப் பண்டிகைக்குச் சேத்த பணத்த ஒரு சபைப் பொருளாளர் கேரளா லாட்டரில விட்டுட்டாரு. தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரிய நிறுத்தியாச்சு. ஆனா எல்லை தாண்டி பாறசாலை போனா கடைக்குக் கடை டிக்கெட் தொங்குது, நமக்கு என்ன பிரயோஜனம்?

ஆராதனை முடிஞ்சு கூடின கூட்டத்துல அவரு எழும்பி அழுதாரு. "பிசாசு என்னைச் சோதிச்சிட்டான், மன்னியுங்க." எல்லாருக்கும் ஒரு நிம்மதி வந்த மாதிரி இருந்துது. யாரோ "ஸ்தோத்திரம்"னாங்க. ஒருத்தர் ஜெபிக்கவே எழும்பிட்டாரு. அப்பம் பெண்கள் பக்கம் பின்வரிசையில ஒரு பாட்டி கேட்டா: "அப்பம் ரூவாய யாரு தருவா மக்களே?" சண்டைக்குக் கேக்கல, நெசமாவே தெரிஞ்சுக்கக் கேட்டா. பதில் வரல, ஜெபம் தொடங்கிட்டு. எல்லாரும் கண்ண மூடியிருக்க, அவ ஒவ்வொரு மொகமா பாத்துட்டே இருந்தா.

ஆதாம் சொன்னதுலயும் பொய் இல்ல. "தேவரீர் தந்த ஸ்திரீயானவள்" கொடுத்தது உண்மைதான். பொஞ்சாதியையும் கர்த்தரையும் முன்னால நிறுத்திட்டு, "நான் புசித்தேன்"ங்கிறத கடைசில வச்சான். அந்தக் கூட்டத்துல நான் கேட்டதும் இதே வரிசைதான்.

குமுளி ஏலத்தோட்டம்:
எங்கப்பா கணக்கப்பிள்ளையா இருந்த தோட்டம். கம்பத்துல இருந்து ஜீப்புல வர்ற பொம்பளைங்கதான் காய் எடுப்பாங்க. ஒருநா சாயங்காலம் எடை போடுற இடத்துல ஒரு அக்கா மடியில பச்சை ஏலக்கா முடிச்சு. "யாரு சொல்லிக் குடுத்தது? பேரச் சொல்லு, உன்ன விட்டுர்றேன்"னாரு சூப்பர்வைசர். சொல்லிக் குடுத்தவ பக்கத்துலதான் நிக்கிறா, அது அங்க எல்லாருக்கும் தெரியும். அந்த அக்கா திரும்பிக்கூடப் பாக்கல. "யாரும் சொல்லலங்க. நான்தான் எடுத்தேன்"னு முடிச்ச அவுத்துத் தராசுல கொட்டுச்சு. மறுநா ஜீப்புல அவங்க வரல.

கத்தோலிக்கப் பூசையில "என் பாவமே, என் பாவமே, என் பெரும் பாவமே"ன்னு நெஞ்சுல தட்டுறப்பல்லாம் அந்தத் தராசு ஞாபகம் வருது. ஆனா என்னை உறுத்துறது இன்னொருத்தி. அவ அதுக்கப்புறமும் பல வருசம் அங்கேயே வேலை பாத்தா. கடைசிவரைக்கும் வாயத் திறக்கல.

மார்த்தாண்டம் ரப்பர்:
களியக்காவிளை அண்ணன் எழுதுனது எனக்கு வருத்தமா இருக்கு. பிசாச சும்மா சாக்குன்னு நெனச்சிரக் கூடாது. கெர்ச்சிக்கிற சிங்கம்போல சுத்தித் திரியுதான்னு பேதுரு எழுதுதாரு. வனாந்தரத்துல இயேசுவையே சோதிச்சான். ஏதேன்லயும் சர்ப்பத்துக்குத்தான் முதல்ல சாபம். அதுக்காக ஆதாமையும் ஏவாளையும் கர்த்தர் விட்டுரல, அது சரி. ரெண்டும் சேந்துதான் சத்தியம்.

எனக்க மாமா ஒருத்தரு ரப்பர் ஷீட் எடையில கைவச்சு மாட்டினாரு. கடன்காரன் நெருக்கினான்னாரு. நெருக்கினது உண்மை.

இப்பம் சபைகளுக்கு ஒண்ணு சொல்லுதேன். ஒத்த ஆளு கையில ரொக்கத்த விடாதுங்க. காணிக்கை எண்ண ரெண்டு பேராவது வேணும். வங்கிக் கணக்குல ரெண்டு கையெழுத்து வேணும். மாசாமாசம் வரவு செலவ எழுதி ஒட்டணும். எருசலேம் ஏழைகளுக்குப் பணம் சேத்தப்பம் பவுலே தனியா கொண்டுபோகல, ஒருத்தரும் குற்றம் சொல்லாதபடிக்கு மத்தவங்களயும் சேத்து அனுப்பினாரு, 2 கொரிந்தியர் 8ல இருக்கு. லாட்டரிப் பழக்கம் உள்ள ஆளுக்க வீட்டுல ஏ.டி.எம் கார்ட வேற ஆளு வச்சுக்கணும். குலுக்கல் மத்தியானம் மூணு மணிக்கு. அதுக்கு முன்னால உள்ள நேரந்தான் மோசம், அப்பம் யாராவது அவருகூட இருக்கணும். சோதனையோடகூட தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்னு வசனம் இருக்கே. அந்த வழி சில நேரம் பக்கத்து வீட்டுக்காரன் ரூபத்துல வரும்.

கொழிஞ்சாம்பாறை:
ஏனுங்க, கணக்கு வெக்க இங்க யாரும் யோசனை கேக்கலீங்களே. மாசம் ஒண்ணாந்தேதி கேரளாவுல மதுக்கடை மூடிருவாங்க. எந்தம்பி அன்னிக்குப் பொள்ளாச்சிப் பக்கம் போவான். அப்படிப் போயிட்டுத் திரும்புறப்ப நடந்து போன ஒருத்தர் மேல வண்டிய ஏத்திட்டான். ஆசுபத்திரித் திண்ணையில அம்மாகிட்ட, "கூட்டாளிக ஊத்திக் குடுத்தாங்க"ன்னான். அந்தக் கூட்டாளிப் பையனும் அங்கதான் நின்னான். தலையக் குனிஞ்சு, "ஆமாங்கம்மா, நாந்தான் ஊத்துனேன். அடிபட்டவருக்கு ஆகுற செலவுல பாதிய நான் தர்றனுங்க"ன்னான். அப்புறம் எந்தம்பி ஒண்ணும் பேசல. மீதிப் பாதிய யாரு தருவான்னு அம்மா அவனையே பாத்துட்டு நின்னாங்க. கடைசில அம்மா வளையல்தான் போச்சு.

விளவங்கோடு வாத்தியார்:
மார்த்தாண்டம் தம்பி, நீங்க சொன்ன கணக்கு முறை நல்லதுதான். ஆனா அது இனிமே வரப்போற பணத்துக்கு. பாட்டி கேட்டது போன பணத்த. அதுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லல.

மோசேயின் பிரமாணத்துல இதுக்கு நேரான பதில் இருக்கு. லேவியராகமம் 6:5 பாருங்க. வஞ்சிச்சு எடுத்தவன் முதல முழுசாக் கொடுக்கணும், அதோட அஞ்சுல ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கணும், அதுவும் குற்றநிவாரணபலி செலுத்துற அதே நாளுல. பலிய மட்டும் கொண்டுவந்து நின்னாப் போதாது. எண்ணாகமம் 5:7 இன்னும் தெளிவு: அறிக்கை செய்யணும், அப்புறம் திருப்பிக் கொடுக்கணும். வரி வசூலிச்ச சகேயு, அநியாயமா வாங்கினத யாரும் கேக்காமலே நாலு மடங்கா தாறேன்னான். இயேசு அதுக்குப் பெறகுதான் "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது"ன்னாரு.

அதனால இரட்சிப்பக் காசுக்கு வாங்கலாம்னு நான் சொல்லல. சபை மன்னிச்சதும் தப்பில்ல. ஆனா அழுத ஆளுகிட்ட எவ்வளவு, எப்பம் திருப்பித் தருவீங்கன்னு யாரும் கேக்காம விட்டது அவருக்கே செஞ்ச அநியாயம். திருப்பிக் கொடுக்க ஒரு வழி காட்டியிருந்தா, பிசாசு பேரச் சொல்ல வேண்டிய தேவையே அவருக்கு இருந்திருக்காது.

களியக்காவிளைக்காரரே, அந்த ஆளு இன்னும் சபைக்கு வாறாரா? வந்தா தனியாப் போய்ப் பேசுங்க. மாசம் ஐந்நூறு ரூவான்னாலும் ஒரு தொகைய அவரே சொல்லட்டும். ரசீது போட்டு வாங்குங்க. கூட ஒரு ஆளு வேணும்னா நான் வாறேன்.