பேராசிரியர் பதவி உயர்வு: 144 மதிப்பெண் காட்டியும் கோப்பு திரும்பிவிட்டது, உதவி தேவை

பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். இணைப் பேராசிரியர் நிலையிலிருந்து பேராசிரியர் நிலைக்கு சி.ஏ.எஸ். (பணிமேம்பாட்டுத் திட்டம்) வழியாக விண்ணப்பித்திருந்தேன். குறைந்தது 110 ஆராய்ச்சி மதிப்பெண் வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. நான் 144 காட்டியிருக்கிறேன். ஆனாலும் இன்று மாலை ஐ.க்யூ.ஏ.சி. (உள்தர உறுதிப் பிரிவு) அலுவலகத்திலிருந்து "ஆராய்ச்சி மதிப்பெண் நிபந்தனை நிறைவு செய்யப்படவில்லை" என்ற ஒற்றை வரிக் குறிப்புடன் கோப்பு திரும்பி வந்துவிட்டது. திருத்தித் தர வெள்ளிக்கிழமை வரைதான் அவகாசம். அலுவலகத்தில் விளக்கம் கேட்டால் விதியைப் பாருங்கள் என்கிறார்கள். எங்கே தவறு நேர்ந்திருக்கும் என்று அறிந்தவர்கள் விரைந்து சொல்லுங்கள்.

கூடல் ஆசிரியர்

வணக்கம். நீங்கள் பல்கலைக்கழகத் துறையில் இருக்கிறீர்களா, கல்லூரியிலா? பாடம் எது? அறிவியல் பாடங்களுக்குக் கட்டுரை ஒன்றுக்கு 8, மொழி, கலை, சமூக அறிவியல் பாடங்களுக்கு 10 என்பதால் இதைத் தெரிந்துகொள்ளாமல் எதுவும் சொல்ல முடியாது. 144 என்பது எந்தெந்த இனத்தில் (கட்டுரை, நூல், பொழிவு போன்ற வகைகளில்) எவ்வளவு? கட்டுரைகள் தனித்து எழுதியவையா, இணைந்து எழுதியவையா?

மலைச்சாரல்

என் அனுபவத்தில் இப்படித் திரும்பும் கோப்புகளில் சிக்கல் இதழ்ப் பட்டியலில்தான் இருக்கும். மானியக் குழு 2018 மே மாதத்தில் தன் பட்டியலிலிருந்து 4305 இதழ்களை நீக்கியது. அதன்பின் தரமான இதழ்களுக்கான கேர் (CARE) பட்டியல் வந்தது. 2025 பிப்ரவரியில் அதுவும் கைவிடப்பட்டது. கட்டுரை வெளிவந்த நாளில் அந்த இதழ் பட்டியலில் இருந்தது என்பதற்கான பக்கத்தை அச்செடுத்து வைக்காதவர்கள் இன்று அலைகிறார்கள். உங்கள் இதழ்களின் ஐ.எஸ்.எஸ்.என். எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

தென்றல் வீதி

புத்தொளிப் பயிற்சிச் சான்றிதழ் வைத்தீர்களா? என் நண்பர் ஒருவரின் கோப்பு அதற்காகத்தான் திரும்பியது. இரண்டு வாரப் பயிற்சி கட்டாயம்.

விதிநூல்

இந்த மாதத்தில் இதே கேள்வி மூன்றாவது முறையாக வருகிறது. 2018 ஜூலை 18 அன்று அறிவிக்கப்பட்ட ஒழுங்குமுறையும் அதன் பின்னிணைப்பில் உள்ள இரண்டாம் அட்டவணையும் எல்லாருக்கும் கிடைக்கும் ஆவணங்கள். பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பிக்கிற ஒருவர் அந்த அட்டவணையின் அடியில் உள்ள குறிப்புகளைப் படிக்காமல் கூட்டல் மட்டும் போட்டு அனுப்பினால் கோப்பு திரும்பத்தான் செய்யும். மாணவரின் ஆய்வேட்டில் அடிக்குறிப்பு இல்லையென்றால் நாம் ஏற்றுக்கொள்கிறோமா?

தென்றல் வீதி அவர்களுக்கு: இரண்டு வாரப் பயிற்சி நிபந்தனை 12-ஆம் ஊதிய நிலையிலிருந்து 13ஏ நிலைக்கு, அதாவது இணைப் பேராசிரியர் ஆவதற்கு உரியது. 13ஏ நிலையிலிருந்து 14-க்கு, அதாவது பேராசிரியர் நிலைக்குச் செல்ல மூன்றாண்டுப் பணி, முனைவர் பட்டம், பத்து ஆய்வுக் கட்டுரைகள், அவற்றுள் மூன்று மதிப்பீட்டுக் காலத்துக்குள் வெளிவந்தவை, முனைவர் பட்ட ஆய்வாளரை நெறிப்படுத்தி முடித்ததற்கான சான்று, 110 மதிப்பெண், மூன்றில் இரண்டு ஆண்டுகளுக்கேனும் நிறைவான ஆண்டறிக்கைத் தரம் ஆகியவையே வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிப் பதற்றத்தில் இருப்பவரை மேலும் குழப்ப வேண்டாம்.

பொருநைக்கரை

மன்னிக்கவும், அவசரத்தில் விவரம் எழுதவில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறை. பத்துக் கட்டுரைகளுக்கு 100 மதிப்பெண். தேசியக் கருத்தரங்கப் பொழிவுகள் 12-க்கு 36, மாநில அளவிலானவை 4-க்கு 8, ஆக 144. இதழ்களில் எந்தக் குறையும் இல்லை, அச்சுப் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றன. கட்டுரைகளில் சில இணைந்து எழுதியவை.

கூடல் ஆசிரியர்

"சில" என்றால் எத்தனை? ஒவ்வொன்றிலும் எத்தனை பேர், உங்கள் பெயர் எத்தனையாவது? நெறிப்படுத்திய ஆய்வாளர்கள் பற்றி எதுவும் சொல்லவில்லையே. நூல், மொழிபெயர்ப்பு, திட்டப்பணி ஏதேனும் உண்டா?

பொருநைக்கரை

தனித்து எழுதியவை 2. இருவராக எழுதியவை 6. மூவராக எழுதியவை 2. அவற்றில் என் பெயர் முதலில் இல்லை, தொடர்பாசிரியரும் (இதழுடன் தொடர்பு கொள்பவர்) நானில்லை. என்னிடம் ஒருவர் முனைவர் பட்டம் பெற்றுவிட்டார், இன்னொருவர் ஜனவரியில் ஆய்வேடு அளித்திருக்கிறார். அவற்றைத் தகுதிச் சான்றாக மட்டுமே இணைத்தேன், மதிப்பெண்ணில் சேர்க்கவில்லை. கன்னடத்திலிருந்து ஒரு நூலை மொழிபெயர்த்திருக்கிறேன். அது ஆராய்ச்சி ஆகாது என்று துறையில் சொன்னதால் விட்டுவிட்டேன்.

கூடல் ஆசிரியர்

இப்போது தெளிவாகிவிட்டது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கட்டுரைகள். இருவர் எழுதினால் ஒவ்வொருவருக்கும் 70 விழுக்காடு. மூவர் அல்லது அதற்கு மேல் என்றால் முதல் ஆசிரியருக்கோ தொடர்பாசிரியருக்கோ 70, மற்றவர்களுக்கு 30. ஆக உங்கள் கணக்கு 20, அதனுடன் ஆறு ஏழு 42, அதனுடன் இரு மூன்று 6, மொத்தம் 68. நீங்கள் எழுதிய 100 அங்கேயே குறைந்துவிட்டது.

அடுத்து பொழிவுகள். ஐந்தாம் இனத்தில் உள்ள கொள்கை ஆவணங்களும் ஆறாம் இனத்தில் உள்ள பொழிவுகளும் சேர்ந்து மொத்த ஆராய்ச்சி மதிப்பெண்ணில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. மற்றவை 68 என்றால் அதுவே மொத்தத்தில் 70 விழுக்காடு, ஆகவே பொழிவுக்கு 29.14 வரைதான் இடம் உண்டு. மொத்தம் 97.14. இங்கேயே 110 கிடைக்கவில்லை.

இவை இரண்டையும்விட முக்கியமானது மூன்றாவது. ஆராய்ச்சி மதிப்பெண் ஆறு இனங்களுள் குறைந்தது மூன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். உங்களிடம் கட்டுரை, பொழிவு என்று இரண்டு இனங்களே இருக்கின்றன. நீங்கள் 200 மதிப்பெண் காட்டியிருந்தாலும் இந்தக் கோப்பு திரும்பியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. பட்டம் பெற்ற ஆய்வாளருக்கு 10, ஆய்வேடு அளித்தவருக்கு 5. இவற்றைச் சேர்த்தால் பொழிவு அல்லாதவை 83, பொழிவுக்கு 35.57 வரை இடம், மொத்தம் 118.57. மொழிபெயர்ப்பு நூலுக்கு 8 உண்டு, அதற்கு அட்டவணையில் தனி வரியே இருக்கிறது. அதையும் சேர்த்தால் 91, பொழிவு 39. மொத்தம் சரியாக 130. இனங்களும் நான்காகிவிடும். தாக்கக் காரணி (மேற்கோள்களைக் கொண்டு இதழை அளக்கும் எண்) இல்லாத மதிப்பாய்வு இதழ்களுக்குக் கூடுதலாகத் தரப்படும் 5 புள்ளிகளை இந்தக் கணக்கில் நான் தொடவே இல்லை.

விதிநூல்

தகுதிச் சான்றாகக் காட்டிய நெறியாள்கையையே மதிப்பெண்ணிலும் சேர்ப்பது ஒரே பொருளை இருமுறை விற்பது போன்றது. கூர்ந்து பார்க்கும் குழு இதை ஏற்காது. இப்படி அறிவுரை சொல்வதற்கு முன் யோசிக்க வேண்டும்.

கூடல் ஆசிரியர்

ஐயா, பத்துக் கட்டுரைகள் வேண்டும் என்பதும் தகுதி நிபந்தனைதான். அதே பத்துக் கட்டுரைகளுக்கு மதிப்பெண்ணும் தருகிறோமே. கட்டுரைக்குப் பொருந்துவது நெறியாள்கைக்கு ஏன் பொருந்தாது? இருமுறை கோரக் கூடாது என்று அட்டவணை சொல்வது கருத்தரங்கக் கட்டுரையைப் பற்றி. படித்த கட்டுரை பிறகு தொகுப்பு நூலில் வெளிவந்தால் ஓரிடத்தில் மட்டுமே கோரலாம். பொருநைக்கரை அவர்களும் தம் 12 பொழிவுகளை அந்தக் கண்ணோட்டத்தில் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

காவிரித்துறை

இழையின் பொருளோடு ஒட்டியதுதான் என்பதால் சொல்கிறேன். ஒரு முழு நூலை மொழிபெயர்த்தால் 8, பத்துப் பக்கக் கட்டுரை எழுதினால் 10 என்ற இந்த ஏற்பாடு மொழித்துறைகளுக்கு இழைக்கப்படும் அநீதி. நான் மலையாளத்திலிருந்து ஒரு நாவலைத் தமிழாக்க நான்கு ஆண்டுகள் உழைத்தேன். மீனவர் வழக்கில் உள்ள ஒரு சொல்லுக்கு நிகரான சொல் கிடைக்காமல் குளச்சலில் இரண்டு நாள் தங்கி, வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கேட்டு அறிந்தேன். அந்த உழைப்பு முழுவதற்கும் கிடைத்தது 8 மதிப்பெண். சுவடி பார்த்துப் பாடம் ஒப்பிட்டுப் பதிப்பிக்கிறவர் நிலையும் இதுதான். பதிப்பாசிரியருக்கு உள்நாட்டுப் பதிப்பகம் என்றால் 8.

விதிநூல்

அட்டவணை நாடு முழுமைக்குமானது. எல்லாத் துறைகளையும் ஒரே கோலால் அளக்கும்போது சில இடங்களில் குறை தோன்றத்தான் செய்யும். கோலே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை 2010-க்கு முன் விண்ணப்பித்தவர்களைக் கேளுங்கள். யாருக்கு வேண்டியவர் என்பதே அன்று தகுதியாக இருந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். எண்ணிக்கை வந்த பிறகுதான் பின்புலம் இல்லாதவர்களும் தங்கள் கோப்பை நிமிர்ந்து நின்று கொடுக்க முடிந்தது. இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

காவிரித்துறை

அந்த அச்சம் நியாயமானது, மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கையே இலக்காகிவிட்டதால் பணம் வாங்கிக்கொண்டு வெளியிடும் இதழ்கள் பெருகின என்பதும் உண்மை. 2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு விதிகளில் மதிப்பெண் முறையைக் கைவிட்டு, ஒன்பது வகைப் பங்களிப்புகளில் நான்கையேனும் காட்ட வேண்டும் என்றார்கள்.

மலைச்சாரல்

அதே வரைவில் துணைவேந்தர் நியமனத்தில் மாநிலங்களின் பங்கைப் பறித்ததை மறந்துவிட வேண்டாம். ஜனவரி 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. நான்கு பங்களிப்புகள் "குறிப்பிடத்தக்கவையா" என்று தீர்மானிக்கப்போவது தேர்வுக் குழுதான் என்னும்போது, விதிநூல் ஐயா சொன்ன பழைய நிலை திரும்பும் என்ற கவலை எனக்கும் இருக்கிறது.

கூடல் ஆசிரியர்

இந்த விவாதம் தேவையானதுதான். ஆனால் கேட்டவருக்கு வெள்ளிக்கிழமை கெடு இருக்கிறது. பொருநைக்கரை அவர்களே, இன்னும் ஒன்று. குறையோடு தேர்வுக் குழு வரை சென்று நிராகரிக்கப்பட்டால் குறைந்தது ஓராண்டு கழித்துத்தான் மறுமதிப்பீடு. பதவி உயர்வும் பிறகு வெற்றி பெறும் நாளிலிருந்துதான் கணக்காகும். ஆகவே கோப்பு இப்போதே திரும்பி வந்தது உங்களுக்கு நன்மைதான். பட்டம் வழங்கிய அறிவிக்கை, ஆய்வேடு பெற்றுக்கொண்டதற்குத் தேர்வாணையர் அலுவலகம் தந்த கடிதம், மொழிபெயர்ப்பு நூலின் தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரப் பக்கமும் ஆகிய மூன்றையும் இணைத்து, கட்டுரைப் பட்டியலில் ஆசிரியர் எண்ணிக்கைக்கு ஒரு தனிக் கட்டம் போட்டு, 70, 30 விழுக்காட்டுக் கணக்கை நீங்களே எழுதிக் கொடுங்கள். அலுவலர் தாமாகக் கணக்குப் போட வேண்டிய நிலை வரக் கூடாது.

தென்றல் வீதி

பயிற்சி பற்றி நான் சொன்னது தவறு. என் நண்பர் விண்ணப்பித்தது இணைப் பேராசிரியர் பதவிக்கு என்று இப்போது கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆண்டறிக்கைத் தரத்தை மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வகுப்புகளில் 70 விழுக்காட்டுக்குக் குறைவாக எடுத்திருந்தால் அந்த ஆண்டு நிறைவானதாகக் கொள்ளப்படாது.

பொருநைக்கரை

அனைவருக்கும் நன்றி. வியாழக்கிழமையே 130 என்று திருத்திக் கொடுத்தேன். மொழிபெயர்ப்பு நூலின் படியை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள், கொண்டுபோய்க் காட்டினேன். கோப்பை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். நேர்காணல் நாள் இன்னும் வரவில்லை.

அறிவகம்

மகிழ்ச்சி, வாழ்த்துகள். ஒரே ஒரு விவரம் வேண்டும். 30 விழுக்காட்டு வரம்பை உங்கள் அலுவலகம் கூடல் ஆசிரியர் போட்டதுபோல 39 என்றே ஏற்றதா, அல்லது மற்ற இனங்களின் கூட்டுத்தொகையான 91-இல் 30 விழுக்காடு என்று 27.3 ஆகக் குறைத்ததா? எங்கள் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது முறையில்தான் கணக்கிடுகிறார்கள். எனக்கு 2 மதிப்பெண் குறைகிறது.