இலங்கையின் காலிக் கோட்டை: முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு. யாருக்காவது இப்படி நடந்ததா?

உப்புக்காற்று:
போன பிப்ரவரி, லெயின்பான் வீதி. அந்த ஓட்டு வீடுகள் தெரியும்தானே, டச்சுக்காரன் காலத்துக் கல். ஒரு வீட்டின் திண்ணையும் முன்கூடமும் இப்போது ரத்தினக்கல் கடை. கடைக்காரர் நீலக்கல்லுக்கு டார்ச் அடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமும் சரக்கு இருக்கும் என்று நினைத்துப் பின்னால் தொங்கிய திரையை விலக்கிவிட்டேன். நடுமுற்றம். கொடியில் பள்ளிச் சீருடை. கிணற்றடியில் ஒரு வயதான அம்மா, முழங்கை வரை மீன் செதில். "கடை அங்கால, மகன்" என்றார். கோபமே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறாரோ.

பனையோலை:
திரை தொங்கினால் திறக்கக்கூடாது, அவ்வளவுதான். இதில் உறுத்த என்ன இருக்கிறது? என் கதை சின்னது. அங்கே ஒரு பத்திக் துணிக்கடையில் சுவரில் சாய்ந்தேன், சட்டை முதுகெல்லாம் வெள்ளை மா. உப்பு! இப்படி வீடு வைத்திருப்பவர்கள் கேளுங்கள். அந்தச் சுவர் முருகைக்கல்லும் (கடல் பவளப்பாறைக் கல்) சுண்ணாம்புச் சாந்தும். ஈரத்தை இழுக்கும், திரும்ப வெளியே விடும். மேலே சீமெந்து பூசினால் ஈரத்துக்குப் போக்கிடம் இல்லை. உள்ளே நின்று, உப்புப் பூத்து, பூச்சையே தள்ளிவிடும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலும் அதே கதிதான். சீமெந்தை மெதுவாகக் கொத்தி எடுங்கள். சுவரை நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் சுண்ணாம்பே பூசுங்கள். அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். 1988இல் யுனெஸ்கோ பட்டியலுக்குப் போன இடம், தொல்லியல் திணைக்களத்தைக் கேட்காமல் கை வைக்கவும் வேண்டாம்.

கோட்டைப்பிள்ளை:
பனையோலை, உங்களிடம் யார் சுவரைப் பற்றிக் கேட்டது? சுண்ணாம்பு வேலை தெரிந்த மேசனுக்கு நாட்கூலி என்னவென்று தெரியுமா? முன்கூடத்தை வாடகைக்கு விட்டால்தான் பின்பக்கக் கூரைக்கு ஓடு மாற்றலாம்.

நான் கோட்டைக்குள் பிறந்தவன். நாங்கள் வீட்டை விற்றுப் பதினைந்து வருடம். போன நோன்புப் பெருநாளுக்குப் போனபோது முன்பக்கம் தேநீர்க்கடை. உம்மம்மாவின் அறையில்தான் மேசை கிடைத்தது. அண்ணாந்து பார்த்தால் கூரை வளையில் அதே இரும்புக் கொக்கி. எனக்கும் தங்கச்சிக்கும் ஏணை, அதுதான் துணித் தொட்டில், கட்டிய கொக்கி. அதில் ஒரு பிரம்பு விளக்குத் தொங்குகிறது. பரிமாறிய பையன் "சேர், லைட்டைக் குறைக்கவா?" என்று கேட்டான். நான் அவ்வளவு நேரம் அதையே பார்த்திருக்கிறேன்.

உப்புக்காற்று:
அவனிடம் சொன்னீர்களா?

கோட்டைப்பிள்ளை:
இல்லை. குறைக்கச் சொன்னேன்.

பனையோலை:
கொக்கி துருப்பிடித்திருந்ததா? கடற்காற்றுக்கு இரும்பு தாங்காது, ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.