லோனுக்கு லஞ்சம் கொடுத்தவருக்கும் தண்டனையா?

கறவைக்காரன்: எங்கள் மாமா மாட்டு லோனுக்கு அலைந்தார். மேனேஜர் வாயைத் திறக்கவில்லை, வாசலில் நின்ற புரோக்கர்தான் பத்து பர்சென்ட் கேட்டான். கொடுத்தார். பணம் கைக்கு வந்ததும் புகார் கொடுக்கலாம் என்று பார்த்தால், லஞ்சம் கொடுத்து 7 நாள் தாண்டிவிட்டது, நீங்களும் உள்ளே போவீர்கள் என்கிறார்கள். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, கொடுப்பவருக்கும் 7 வருடம் வரை சிறை என்று வைத்தது யாரைக் காப்பாற்ற?

தராசு: கோபம் புரிகிறது. ஆனால் கொடுப்பவர் எல்லோரும் உங்கள் மாமா இல்லை. 2014-ல் சிண்டிகேட் வங்கித் தலைவரையே சி.பி.ஐ. கைது செய்தது, கம்பெனிகளின் கடன் வரம்பை உயர்த்த 50 லட்சம் வாங்கினார் என்று. அங்கே கொடுத்தவர்களைப் பாவம் என்று விட முடியுமா? கட்டாயத்தில் கொடுத்தவர் 7 நாளில் சொன்னால் தப்பலாம், கொடுக்கும் முன்பே போலீசில் சொல்லிவிட்டுக் கொடுத்தால் குற்றமே கிடையாது.

மலைக்கோட்டை: தனியார் வங்கிக்கும் இந்தச் சட்டம் பொருந்துமா?

தராசு: பொருந்தும். குளோபல் டிரஸ்ட் வங்கி வழக்கில் 2016-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, தனியார் வங்கி அதிகாரியும் இந்தச் சட்டத்துக்குப் பொது ஊழியர்தான். புரோக்கரும் தப்ப முடியாது, அதிகாரியிடம் காரியம் முடித்துத் தருகிறேன் என்று பணம் வாங்குகிறவனைத் தண்டிக்கும் 7ஏ பிரிவு அவனுக்காகவே இருக்கிறது.

கறவைக்காரன்: பெரிய முதலாளியையும் இரண்டு மாடு வாங்குகிறவரையும் ஒரே தட்டில் வைக்கிறீர்களே! 7 நாளில் லோனே வராது. ஃபைல் அவன் மேசையில் கிடக்கும்போது எவன் புகார் கொடுப்பான்? பழைய 24ஆம் பிரிவில், கொடுத்தவர் சொல்லும் வாக்குமூலத்தை வைத்து அவர்மேலேயே வழக்குப் போடக்கூடாது என்று இருந்தது, அதையும் 2018-ல் தூக்கிவிட்டார்கள். உண்மையைச் சொல்ல வருகிறவனுக்கு இருந்த ஒரே தைரியம் அதுதான்.

தராசு: அந்தப் பிரிவை வைத்துப் பெரிய ஆட்களும் தப்பினால்? வாங்கியவருக்குக் குறைந்தது 3 வருடம் சிறை, கொடுத்தவருக்கு அப்படிக் குறைந்தபட்சம் எதுவும் இல்லை, அபராதத்தோடும் விடலாம். நீதிபதி ஆள் பார்த்து முடிவு செய்ய இடம் இருக்கிறது.

கறவைக்காரன்: நீதிபதி முன்னால் நிற்பதற்கே மாமா மாட்டை விற்க வேண்டும் சார். அந்த 7 நாளை லோன் பணம் கணக்கில் ஏறிய நாளிலிருந்து எண்ணட்டும், நான் கேட்பது அவ்வளவுதான்.

தராசு: சின்னக் கடன்களுக்கு மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். கோடிக்கணக்கில் வாங்குகிறவனுக்கு ஒரு நாள்கூடக் கூட்டக் கூடாது.