காஷ்மீரின் காசிகுண்டில் ஒரு ராத்திரி: ரேடியேட்டரில் வெறும் தண்ணீரோடு பனிக்குள் போனவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

எனக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஊர் நாமக்கல் பக்கம். பதினெட்டு வருடம் லாரி ஓட்டினேன், இப்போது சொந்தமாக ஒரு வண்டி இருக்கிறது. எங்கள் ஊர் வழியாகப் போகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் ஸ்ரீநகர் வரைக்கும் போகிறது. ஒரே ரோடு. ஆனால் இந்தப் பக்கம் வண்டி எடுக்கிறவர்கள் யாரும் தண்ணீர் உறையும் என்று யோசித்து எடுப்பதில்லை. புது வண்டியில் கம்பெனி ஊற்றித் தந்த கூலன்ட் (ரேடியேட்டரில் ஊற்றுகிற, லேசில் உறையாத திரவம்) இருக்கும். ஒரு நாள் ஹோஸ் வெடித்துக் கொட்டிப்போனால் அதோடு சரி, அப்புறம் வழியில் கிடைக்கிற போர் தண்ணீர்தான். என் வண்டியும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

காஷ்மீருக்குள் போக 2021இல் புதிய சுரங்கம் திறப்பதற்கு முன்பு, பழைய ஜவஹர் சுரங்கம் வழியாகப் போய்க்கொண்டிருந்த காலம். டில்லியில் ஜவ்வரிசி லோடை இறக்கிவிட்டு, ஊருக்குத் திரும்ப லோடு கிடைக்காமல் மூன்று நாள் கிடந்தோம். ஸ்ரீநகருக்கு டைல்ஸ் இருக்கிறது, வரும்போது ஆப்பிள் ஏற்றிக்கொள்ளலாம் என்றார்கள். டிசம்பர் கடைசி வாரம். காஷ்மீரில் டிசம்பர் 21இல் இருந்து நாற்பது நாளைச் 'சில்லை கலான்' என்பார்கள், வருடத்திலேயே கடுங்குளிர் அதுதான். அந்தப் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது.

சுரங்கம் தாண்டி காசிகுண்டில் பனியால் ரோட்டை மூடிவிட்டார்கள். வரிசையாக லாரிகள் நிற்கின்றன. ராத்திரி பத்து மணிக்கு இன்ஜினை அணைத்தேன். பக்கத்து வண்டி காஷ்மீர் டிரைவர் வந்து "பானி நிகாலா?" (தண்ணீரை எடுத்துவிட்டாயா?) என்று கேட்டார். இந்தி எனக்குப் புரியும், ஆனால் அவர் எந்தத் தண்ணீரைச் சொல்கிறார் என்று மண்டையில் ஏறவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். இன்றைக்கும் மனசு அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் போகிறது.

காலையில் சாவியைத் திருப்பினால் இன்ஜின் முக்கி முனகி ஒரு சுற்று வந்தது, உடனே பெல்ட் வீறிட்டுக் கத்தியது. அணைத்துவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே வெள்ளையாகக் கட்டி. வாட்டர் பம்ப் ஐஸுக்குள் மாட்டிக்கொண்டு சுற்ற முடியாமல் பெல்ட் வழுக்கியிருக்கிறது. கிளீனர் தம்பி ஸ்டவ்வில் தண்ணீர் கொதிக்க வைத்து எடுத்துவந்து இன்ஜின் பிளாக் மேல் ஊற்றப் போனான். நேற்றைய காஷ்மீர்க்காரர் ஓடிவந்து தடுத்தார். உறைந்து கிடக்கிற இரும்பில் கொதிநீர் பட்டால் அது வேறு தனியாக விரிசல் விடும். தார்ப்பாயை முன்னாடி கட்டி, வெயில் ஏறும் வரை காத்திருக்கச் சொன்னார்.

மத்தியானம் ஐஸ் இளகியது, இன்ஜின் பக்கவாட்டில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. பிளாக்கில் அடித்திருக்கிற வட்ட மூடிகளில், வெல்ச் பிளக் என்பார்கள், இரண்டு பிதுங்கி வெளியே வந்திருந்தன. பிளக் மட்டும்தான் போலிருக்கிறது, தப்பித்தோம் என்று நினைத்தேன். துடைத்துப் பார்த்தால் பிளாக்கில் ஒரு சாண் நீளத்துக்கு முடி மாதிரி விரிசல்.

தண்ணீர் ஐஸாகும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கிறது. அதைத் தாங்குகிற வார்ப்பிரும்பு கிடையாது. உறைந்தால் இந்தப் பிளக்குகள் கழன்றுகொண்டு பிளாக்கைக் காப்பாற்றிவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பிளாக்கை வார்க்கும்போது உள்ளே இருக்கிற மணலை எடுக்க விட்ட ஓட்டைகளுக்கு மூடி அது, அவ்வளவுதான். சில நேரம் காப்பாற்றும். எனக்குக் காப்பாற்றவில்லை.

லோடை வேறு வண்டிக்கு மாற்றி, என் வண்டியை ஜம்முவுக்கு இழுத்துவந்து பிளாக் மாற்ற 19 நாள் ஆனது. கிளீனர் தம்பி ஒரு நாள்கூட விட்டுப் போகாமல் கூடவே இருந்தான்.

பதில், எட்மன்டனிலிருந்து

அண்ணா, படிக்கும்போதே நெஞ்சு அடைக்கிறது. கனடாவில் எனக்கு நடந்தது வேறு மாதிரி. நான் உறைந்த வண்டியை ஓட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

படிக்க வந்த முதல் வருடம், ஆகஸ்டில் ஒரு பழைய கார் வாங்கினேன். விற்றவர் கோடை முழுக்க, லேசாக ஒழுகுகிறது என்று தண்ணீரையே ஊற்றிக்கொண்டு இருந்திருக்கிறார். நிறம் கொஞ்சம் பச்சையாக இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நவம்பரில் மைனஸ் 20. கிளம்பிப் பத்து நிமிடத்தில் ஹீட்டரில் குளிர்காற்று வருகிறது, ஆனால் இன்ஜின் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகிறது. வெளியே இவ்வளவு குளிர், இன்ஜின் எப்படிக் கொதிக்கும் என்று குழம்பிப்போனேன். மெக்கானிக்தான் விளக்கினார். இன்ஜின் சூடாகும் வரை தெர்மோஸ்டாட் என்கிற வால்வு மூடியிருக்கும், அதுவரை ரேடியேட்டருக்குள் ஓட்டம் கிடையாது, முன்னாடி அடிக்கிற காற்றில் அங்கே இருக்கிற தண்ணீர் கூழாகிவிடும். அப்புறம் தெர்மோஸ்டாட் திறந்தாலும் சுற்றிவர வழி இல்லை. நான் முள்ளைப் பார்த்து உடனே நிறுத்தியதால் இன்ஜின் ஹெட் பிழைத்தது, ரேடியேட்டர் போனது.

அடுத்து இன்னொரு தப்பு செய்யப் பார்த்தேன். பயத்தில், தண்ணீரே வேண்டாம், முழுக்க கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காத கூலன்ட்) ஊற்றுங்கள் என்றேன். அவர் விடவில்லை. அதில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் தனியாக இருந்தால் மைனஸ் 13லேயே உறைந்துவிடுமாம்! பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால்தான் மைனஸ் 37 வரைக்கும் தாங்கும். இங்கே ஜனவரியில் மைனஸ் 30 என்பது செய்தியே இல்லை, அதனால் பலரும் 60 சதவீதம் வரை போவார்கள், அதற்கு மேல் வேண்டாம் என்றார்.

இன்ஜினைச் சூடாக வைக்கிற பிளாக் ஹீட்டர் இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடாதீர்கள். ராத்திரி கரண்டில் செருகி வைக்கிற வரைக்கும்தான் அது. வேலைக்குப் போய் பிளக் பாயின்ட் இல்லாத இடத்தில் எட்டு மணி நேரம் நிறுத்தினால் வண்டியைக் காப்பது கூலன்ட் மட்டுமே.

பதில், ஓய்வுபெற்ற ராணுவ வண்டி மெக்கானிக், வேலூர்

கார்கில் பக்கத்துத் திராஸில் இரண்டு குளிர்காலம் இருந்தேன். கூலன்ட் போதாத பழைய வண்டிகளுக்கு ராத்திரியில் தண்ணீரை இறக்கிவிடுவோம். தம்பி, அந்தக் காஷ்மீர் டிரைவர் கேட்டது அதைத்தான். ஆனால் ரேடியேட்டர் அடியில் இருக்கிற குழாயை மட்டும் திறந்தால் போதாது, பிளாக்கில் தனியாக ஒன்று இருக்கும், அதையும் திறக்க வேண்டும், மேல் மூடியும் திறந்திருக்க வேண்டும். குழாய் வாயில் துரு அடைத்து ஒழுக்கு நின்றுவிட்டால் காலியாகிவிட்டது என்று ஏமாந்துவிடுவோம், ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். இறக்கியதும் 'தண்ணீர் இல்லை' என்று ஸ்டீயரிங்கில் அட்டை கட்டித் தொங்கவிடுவோம், காலையில் வேறு ஆள் வந்து அப்படியே ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது அல்லவா.

இன்னொன்று. இறக்கிய கூலன்டைத் தரையில் விடாதீர்கள். அது இனிக்கும். நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். எங்கள் முகாமில் சுற்றிய ஒரு நாய் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

மறுபடியும் நாமக்கல்லிலிருந்து

ஐயா, அந்தக் கம்பி விஷயம் எனக்குப் புதுசு. நன்றி.

'இப்போது என்ன செய்கிறீர்கள்' என்று தனியாகக் கேட்டவர்களுக்கு: என் வண்டி மொத்தம் 24 லிட்டர் பிடிக்கும். வடக்கே லோடு என்றால், ஊரிலேயே பழையதை முழுக்க இறக்கி, இரண்டு தடவை அலசிவிட்டு, 12 லிட்டர் கான்சன்ட்ரேட், 12 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். அலசிய தண்ணீர் பிளாக்கிலேயே கொஞ்சம் தங்கும், அது கலவையை இளக்கிவிடும், அதனால் கணக்கை நம்பாமல் எவ்வளவு குளிர் வரை உறையாது என்று காட்டுகிற ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துப் பார்க்கிறேன். நிறத்தைப் பார்த்துச் சொல்லவே முடியாது, எட்மன்டன் தம்பி சொன்ன மாதிரி பாதி தண்ணீரானாலும் பச்சை பச்சையாகத்தான் இருக்கும். வேறு வேறு வகைக் கூலன்டையும் கலக்காதீர்கள், சில ஜோடி உள்ளே கொழகொழவென்று ஆகிவிடும். சூட்டு ஊருக்குத் தேவையில்லை என்று நம் பக்கம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவார்களே, அதையும் திரும்ப மாட்டிவிட்டேன். அது இல்லாமல் அந்தக் குளிரில் இன்ஜின் சூடே ஏறாது.

வழியில் ஹோஸ் போய்த் தண்ணீர் ஊற்ற வேண்டி வந்தால், எத்தனை லிட்டர் ஊற்றினோம் என்று கிளீனர் தம்பி டிரிப் ஷீட் ஓரத்தில் எழுதி வைப்பான். ஜம்முவில் நிறுத்தி, திரும்ப ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மலை ஏறுகிறோம்.