தேசிய கீதத்துக்கு முந்தைய டிரம் ரோல்: பேண்ட் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பள்ளி பேண்டில் ஜன கண மன 52 நொடிக்குள் சரியாக முடிகிறது. சிக்கல் அதற்கு முந்தைய ரோலில்தான் (டிரம்மை இடைவிடாமல் உருட்டி அடிப்பது). விதிப்படி ரோல் மெது நடை அணிவகுப்பில் 7 காலடி வைக்கும் நேரம், அதாவது 7 தாள அடி. மெல்லத் தொடங்கி, முழு ஓசைக்கு ஏறி, பழைய மென்மைக்கே இறங்க வேண்டும். ஆனாலும் ஏழாவது அடிவரை காதில் விழ வேண்டும். பிறகு ஒரு அடி மௌனம், உடனே கீதம்.

சைடு டிரம் பையன்கள் மூன்றாவது அடியிலேயே உச்சத்துக்குப் போய், ஐந்தில் அடங்கிவிடுகிறார்கள். மௌன அடியை யாரும் எண்ணுவதில்லை, அதனால் டிரம்பெட்டுகள் ஆளுக்கொரு நேரத்தில் நுழைகின்றன. பாஸ் டிரம்மில் அடி காட்டினால் ரோலே கெடுகிறது.

இறங்கும்போது வேகம் குறையாமல் ஓசையை மட்டும் குறைக்க என்ன பயிற்சி? குச்சியைத் தோலின் ஓரத்துக்கு நகர்த்தலாமா? நுழைவுக்கு மேஸ் (பேண்டை நடத்துபவரின் கோல்) பிடிப்பவர் சைகை போதுமா? ஃபேன்ஃபேர் (டிரம்பெட்டில் சிறு முன்னறிவிப்பு முழக்கம்) ஊதினால் ரோல் வேண்டாம் என்பது தெரியும், அதை யோசனையாகத் தராதீர்கள்.