இறக்கத்துல ஓடினா முட்டி வலிக்குது, பயிற்சியை நிறுத்தணுமா?

கேள்வி (தலவாக்கலை)
வணக்கம். வயசு 26. லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) இருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கித் திரும்ப ஏறினா 6 கிலோமீட்டர். கிழமைக்கு மூணு நாள் ஓடுவேன். அரை மரதன் ஆசையில போன மாசம் அதை ஆறு நாளாக்கிட்டேன். இப்ப வலது முட்டிச் சில்லைச் சுத்தி வலி. ஏத்தத்துல இல்ல, இறக்கத்துலதான். பஸ்ஸில கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழும்பினாலும் பிடிக்குது. ஸ்குவாட் (குந்தி எழும்புறது) செஞ்சா முட்டி தேஞ்சிடும்னு கூட்டாளிமார் பயமுறுத்துறாங்க. என்ன செய்ய?

பதில் (ஹட்டன், பிசியோதெரபி வேலை)
தம்பி, முட்டி வீங்குதா? மடக்கினா பூட்டிக்கிட்டு நீட்ட முடியாமப் போகுதா? நடக்கும்போது சடக்குன்னு விட்டுடுதா?

கேட்டவர்
மூணும் இல்ல அக்கா.

ஹட்டன் அக்கா
அப்படின்னா இது ஓடுறவங்களுக்கு அடிக்கடி வர்ற சில்லு வலி மாதிரிதான் தெரியுது. அந்த மூணுல ஒண்ணு வந்தாலும் பயிற்சியை விட்டுட்டு டாக்டரைப் பாருங்க.

இறக்கத்துல தொடைத் தசை நீண்டுகிட்டே பிரேக் பிடிக்குது. அப்ப சில்லு தொடை எலும்பு மேல அழுந்துது. தசை பழகுறதுக்கு முந்தி ஓடுற நாளை இரட்டிப்பாக்கினதுதான் வினை. ஸ்குவாட் முட்டியைத் தேய்க்காது, அளவா செஞ்சா அதுதான் மருந்து.

முதல் ரெண்டு கிழமை சுவர்ல முதுகைச் சாய்ச்சு, பாதி உட்கார்ந்த மாதிரி 30 செக்கன், அஞ்சு தடவை. பிறகு இஸ்தோப்பு (வீட்டுத் திண்ணை) படியில வலது காலில நின்னு, மூணு எண்ணி இடது குதிகால் தரையைத் தொடும் வரை இறக்குங்க. 8 தடவை, மூணு செட், ஒருநாள் விட்டு ஒருநாள். முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. சாஞ்சா இடுப்புப் பக்கத் தசையும் பலம் குறைவு. ஒருக்களிச்சுப் படுத்து மேல்காலை நீட்டித் தூக்குற பயிற்சியையும் சேருங்க. வலி பத்துக்கு மூணைத் தாண்டாம, மறுநாள் காலையில அடங்கியிருந்தா சரியான அளவு. லேசானதும் பையில அஞ்சு கிலோ அரிசி போட்டு மாட்டிக்கோங்க.

பதில் (நுவரெலியா)
எனக்கும் இதே வலி இருந்துச்சு தம்பி. ஓட்டத்தை விடல, இறக்கத்தை மட்டும் நடந்தே இறங்கினேன். சமதரைக்கு கிரகரி வாவிப் பக்கம் போவேன். ஓடும்போது காலடியைச் சின்னதாக்குங்க. நிமிஷத்துக்கு 160 அடி வைக்கிறீங்கன்னா 170 ஆக்கிப் பாருங்க, முட்டிக்குச் சுமை குறையும். புதுச் சப்பாத்து வாங்கியும் எனக்குப் பெருசா மாறல. மழையில படி வழுக்கும், கவனம்.

கேட்டவர் (நாலு கிழமைக்குப் பிறகு)
அக்கா, அண்ணா, பஸ்ஸில இருந்து எழும்புறது இப்ப லேசு. இறக்கத்துல இன்னும் கொஞ்சம் இருக்கு. கொழுந்துக் கூடையோட இதே இறக்கத்துல இத்தனை வருஷம் இறங்கின அம்மாவோட முட்டியை இப்பதான் நினைச்சுப் பார்க்கிறேன், அவங்களையும் சுவர்ல சாஞ்சு உட்கார வச்சிருக்கேன். ஒரு சந்தேகம்: படியில இறங்கும்போது எட்டாவது தடவை முட்டி உள்ளே போகுது.

ஹட்டன் அக்கா
ஆறோட நிறுத்துங்க, உயரம் குறைஞ்ச படியா பாருங்க. தசை தேற மூணு மாசம்கூட ஆகலாம். அம்மாவுக்கு முதல்ல கதிரையில உட்கார்ந்து எழும்புற பயிற்சி போதும். அவங்களுக்கு முட்டி வீங்குதான்னு பார்த்துச் சொல்லுங்க.