சேலம்–சென்னை விமானம்: 'பயண நேரம்' என்ற ஒரே சொல் போதுமா?

விமானப் பட்டியலில் நேரத்துக்கும் தொலைவுக்கும் எந்தத் தமிழ்ச் சொல்லை இடுவது என்ற கேள்விகளும் என் பதில்களும் இவை.

> சேலம்–சென்னை பயண நேரம் 32 நிமிடம் என்று பட்டியலில் போட்டுவிடலாமே?

ஐயா, அந்த 32 வெறும் வகுத்தல் கணக்கு. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் உள்ள நம் விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் இடையே சுமார் 265 கி.மீ. ஏடிஆர் 72 விமானம் அதிகபட்சமாக மணிக்குச் சுமார் 500 கி.மீ. வேகம் போகும். வகுத்தால் 32 வரும். கால அட்டவணையிலோ ஏறத்தாழ ஒரு மணி நேரம் இருக்கும். மேலேறும்போது வேகம் குறைவு. ஓடுபாதைக்குக் கிழக்கே சேர்வராயன் மலை 1,600 மீட்டருக்கு மேல் நிற்கிறது. உயரம் பிடிக்காமல் அந்தப் பக்கம் போக முடியாது. சென்னையில் இறங்க வரிசை இருந்தால் வட்டமடிக்க வேண்டும். தரையில் ஊர்ந்து போகும் நிமிடங்கள் தனி.

பட்டியலில் தொலைவுக்கு 'பெருவட்டத் தொலைவு' என்றே வைக்கலாம்; பூமியின் மேற்பரப்பில் இரு ஊர்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழியின் நீளம் அது. 'நேர்கோட்டுத் தொலைவு' தவறு. உண்மையான நேர்கோடு பூமியைத் துளைத்துக்கொண்டு போகும். சேலம்–சென்னைக்கு வேறுபாடு தெரியாது. பெங்களூரு–சான்பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள்: தட்டைப் படத்தில் பசிபிக் கடலைக் குறுக்கே கடப்பதுதான் நேர்வழி போலத் தெரியும், பெருவட்டமோ வட துருவத்தை ஒட்டிப் போகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் சான்பிரான்சிஸ்கோ–பெங்களூரு விமானம் துருவத்தின் மேலாகத்தான் வந்தது.

இந்தத் தொலைவைக் கணினியில் கணக்குப் போடுவோர் கவனிக்க: காமலாபுரத்தின் அகலாங்கு (அட்சரேகை) 11 பாகை 47 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). அதை 11.47 என்று அடித்தால் 35 கி.மீ. தெற்கே போய்விடும். 47-ஐ 60-ஆல் வகுத்து 11.783 என்று போட வேண்டும். பாகையை ரேடியன் என்ற கோண அளவாக மாற்றாமல் சைன் எடுத்தால் விடை அர்த்தமே இல்லாமல் வரும். பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று கொண்டால் பிழை ஏறத்தாழ அரை சதவீதத்துக்குள் அடங்கும்.

> அப்படியானால் 'பறப்பு நேரம்' என்று வைத்துக்கொள்வோம்.

அதில்தான் சிக்கல் ஐயா. பன்னாட்டு விமான விதிகளில் 'பறப்பு நேரம்' என்பது புறப்படுவதற்காக விமானம் முதலில் அசைந்ததிலிருந்து, பயணம் முடிந்து கடைசியாக நிற்கும்வரை. விமானியின் பணிக்கணக்கு அதன்படிதான். சக்கரம் தரையை விட்டதிலிருந்து மீண்டும் தரையைத் தொடும்வரை உள்ளது வேறு கணக்கு. அதற்கு 'வான்நேரம்' பொருந்தும்.

முதல் அசைவிலிருந்து கடைசியாக நிற்கும்வரையுள்ள நேரத்துக்கு என் பரிந்துரை 'கட்டைநேரம்'. நின்ற விமானம் உருளாமலிருக்கச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்கிறார்கள். அதை எடுத்த நேரமும் திரும்பப் போட்ட நேரமும்தான் இதன் இரு எல்லைகள். சங்ககிரியில் லாரியை மேட்டில் நிறுத்தினால் 'கட்டை போடு' என்றுதான் குரல் வரும். அதே வேலை, அதே சொல்.

> 'கட்டை' சுருதிக்கும் வழங்குகிறதே? 'ஐந்து கட்டை' என்கிறோம்.

விமானப் பட்டியலில் சுருதி வராது. 'கட்டை நேரம்' என்று பிரித்தால்தான் 'குட்டையான நேரம்' என்று படிக்க இடமுண்டு. ஆகவே சேர்த்தே எழுதுவோம்.

பட்டியலில் இன்னொரு குறிப்பும் வேண்டும். சீட்டில் உள்ள புறப்பாடு, வருகை இரண்டும் அந்தந்த ஊர் மணி. சென்னையிலிருந்து சிங்கப்பூர் போகும்போது வருகையிலிருந்து புறப்பாட்டைக் கழித்து வரும் விடையில் இரண்டரை மணியைக் குறைத்தால்தான் கட்டைநேரம் கிடைக்கும். திரும்பும்போது அதே இரண்டரையைக் கூட்ட வேண்டும்.